கடைசி வரி எது?



இந்தக் கிழமை எபிசோட்டில் பத்து நிமிஷத்தில் ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்தைக் கொஞ்சம் ஆறுதலாக எழுதலாம் என்று நினைத்தேன். ஒரு டேபிளில் ஒவ்வொரு ஆளுக்கும் கடைசியாக உள்ள வரியை எடுப்பது எப்படி? இன்டர்வியூவில் கேட்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் கிழமையே எழுதவும் சொல்வார்கள். சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். நான் அதைப் பிழையாக எழுதியிருக்கிறேன். ஒருவர் போடும் குளிசையோடு சம்பந்தப்பட்ட பிழை. அதனால்தான் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஒரு விஷயம் முதலே சொல்லிவிடுகிறேன். கியூரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எபிசோட்டில் நான் வாசித்த மாதிரி நீங்களும் வாய்விட்டு வாசியுங்கோ. கீபோர்டில் கை வைத்ததும் அது தானாக இங்கிலிஷுக்கு மாறிவிடும்.

திரையில் பிங்க், புத்தகத்தில் நீலம்

2016. லண்டனில் என்னுடைய இரண்டாவது கான்ட்ராக்ட். முதியோர் இல்லங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. என் வேலை ஒரு திரை செய்வது: இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றைக்கு எவ்வளவு வார்ஃபரின் கொடுக்க வேண்டும் என்று ஒரே பட்டியலில் காட்ட வேண்டும்.

வார்ஃபரின் இரத்தம் உறைவதைக் குறைக்கிற மருந்து. அளவு கூடினால் உடம்புக்குள் இரத்தம் கசியலாம், குறைந்தால் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். அதனால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இங்கே குளிசைக்கு நிறமும் உண்டு: 1 மில்லிகிராம் பிரவுன், 3 மில்லிகிராம் நீலம், 5 மில்லிகிராம் பிங்க். மருந்து எடுப்பவரிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகமும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அளவை அதில் எழுதுவார்கள்.

டேபிளின் பெயரை 'அளவுகள்' என்று வைப்போம். ஆளின் எண்ணையும் திகதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

எண் 1: ஆள் 17, 5 மில்லிகிராம், தொடக்கம் 3 மார்ச்
எண் 2: ஆள் 22, 2 மில்லிகிராம், தொடக்கம் 5 மார்ச்
எண் 3: ஆள் 17, 3 மில்லிகிராம், தொடக்கம் 15 மார்ச்

15ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. பின்னேரம் ஆறு மணி, குளிசை கொடுக்கும் நேரம். என் திரை சொன்னது: ஆள் 17, 15 மார்ச், 5 மில்லிகிராம். நேர்ஸின் கையில் மஞ்சள் புத்தகம். அதில் 15 மார்ச், 3 மில்லிகிராம். திரை பிங்க் கேட்கிறது, புத்தகம் நீலம் கேட்கிறது. நல்ல காலம், அவர் புத்தகத்தை நம்பினார். நீலத்தைக் கொடுத்துவிட்டு எங்களுக்கு போன் அடித்தார்.

கவனித்துப் பாருங்கோ. திகதி சரி, அளவு பிழை. அப்படி ஒரு வரி டேபிளில் இல்லவே இல்லை. ஒரு வரியின் தலையையும் இன்னொரு வரியின் உடம்பையும் ஒட்டி நான் புது வரி ஒன்று செய்திருந்தேன்.

டேபிளுக்கு வரிசை கிடையாது

பிழை எங்கே என்று பார்க்க முதல் ஒரு அடிப்படை விஷயம். எட்கர் காட் 1970இல் ஐ.பி.எம்.மில் இருந்தபடி ரிலேஷனல் மாடலை எழுதினார். அதில் ஒரு டேபிள் என்பது வரிகளின் கணம். கணிதத்தில் கணத்துக்கு முதலாவது, கடைசி என்று ஒன்றும் இல்லை. ஒரு பையில் போட்ட மாபிள்கள் மாதிரி. எது முதலில் போட்டது என்று பையைக் கேட்டால் பைக்குத் தெரியாது.

நீங்கள் சும்மா 'செலக்ட் ஸ்டார்' என்று கேட்டால் வரிகள் போட்ட வரிசையிலேயே வருகிற மாதிரித் தெரியும். பல நாள் அப்படியே வரும். ஒரு நாள் யாராவது ஒரு வரியை அப்டேட் செய்வார்கள், அல்லது டேட்டாபேஸ் வேறு இன்டெக்ஸ் வழியாகப் போகும். அன்றைக்கு வரிசை மாறும். ஆர்டர் பை எழுதாத கியூரிக்கு எந்த வரிசையும் உத்தரவாதம் இல்லை.

ஆகவே 'கடைசி' என்பது டேபிளில் இல்லை. ஏதோ ஒரு காலத்தில் உள்ள மதிப்பில்தான் இருக்கிறது. காலம் என்றால் இங்கே நேரம் இல்லை, டேபிளின் காலம், காலம்ன். எந்தக் காலம்னை வைத்துக் கடைசி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முழு டேபிளிலும் ஒரே ஒரு கடைசி வரி போதும் என்றால் சுகம்:

செலக்ட் ஸ்டார் ஃப்ரம் அளவுகள்
ஆர்டர் பை தொடக்கம் டெஸ்க்
லிமிட் 1

டெஸ்க் என்றால் பெரிதிலிருந்து சிறிதுக்கு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மூன்றிலும் லிமிட். எஸ்.கியூ.எல் சர்வரில் டாப் 1 என்று செலக்டுக்குப் பக்கத்தில் எழுதுவோம். ஆரக்கிளில் இப்போது ஃபெட்ச் ஃபர்ஸ்ட். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று என்றதும்தான் வில்லங்கம் தொடங்குது.

நான் எழுதிய பிழை

இதுதான் அன்றைக்கு நான் எழுதியது:

செலக்ட் ஆள், அளவு, மேக்ஸ்(தொடக்கம்)
ஃப்ரம் அளவுகள்
குரூப் பை ஆள்

வாசித்துப் பாருங்கோ, நியாயமாகத்தான் இருக்கிறது. ஆள் வாரியாகப் பிரி, ஒவ்வொருவருக்கும் பெரிய திகதியை எடு, அதோடு அளவையும் தா. 'அதோடு' என்பதுதான் என் தலைக்குள் மட்டும் இருந்தது. எஸ்.கியூ.எல்லில் அது இல்லை. மேக்ஸ் ஒரு வரியைத் தெரிவு செய்வதில்லை. ஒரு குவியலைப் பார்த்து ஒரு மதிப்பைத் தருகிறது, அவ்வளவே. ஆள் 17இன் குவியலில் இரண்டு அளவுகள் இருக்கின்றன, 5, 3. எது வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஒழுங்கான டேட்டாபேஸ் என்றால் இந்த இடத்தில் எரர் தரும். போஸ்ட்கிரெஸ் தரும். எஸ்.கியூ.எல் சர்வர் தரும். 'அளவு' குரூப் பையிலும் இல்லை, மேக்ஸ் மாதிரி ஒன்றுக்குள்ளும் இல்லை என்று மறுத்துவிடும். நாங்கள் பாவித்தது பழைய மைஎஸ்கியூஎல் 5.6. அது ஒன்றும் சொல்லாமல் குவியலில் இருந்து ஏதோ ஒரு அளவை எடுத்துத் தந்தது. 5.7இல்தான் இதை மறுப்பது இயல்பான அமைப்பாக வந்தது. பழைய கோட் உடைகிறது என்று அந்த அமைப்பை நிறுத்தி வைத்திருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. போகிற இடத்தில் பாருங்கோ. எஸ்கியூலைட் வேறு மாதிரி: மேக்ஸ் ஒன்று மட்டும் இருந்தால், மற்ற காலம்களையும் அந்தப் பெரிய மதிப்புள்ள வரியிலிருந்தே எடுக்கும். அதில் பழகியவர் வேறு டேட்டாபேஸுக்கு வந்தால் விழுவார்.

டெஸ்டில் ஏன் பிடிபடவில்லை? நான் போட்ட டெஸ்ட் டேட்டாவில் ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வரிதான். ஒரே வரி இருந்தால் எது கடைசி என்ற கேள்வியே வராதே. பச்சை டிக், சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சரியான இரண்டு வழி

பழைய வழி எல்லா டேட்டாபேஸிலும் வேலை செய்யும். முதலில் ஒவ்வொரு ஆளுக்கும் பெரிய திகதியைக் கண்டுபிடி. பிறகு அந்தத் திகதியோடு திரும்ப டேபிளுக்குப் போய், அது உள்ள முழு வரியை எடு:

செலக்ட் அ.ஸ்டார்
ஃப்ரம் அளவுகள் அ
ஜாயின் (செலக்ட் ஆள், மேக்ஸ்(தொடக்கம்) ஆஸ் பெரியது ஃப்ரம் அளவுகள் குரூப் பை ஆள்) ப
ஆன் அ.ஆள் = ப.ஆள் அண்ட் அ.தொடக்கம் = ப.பெரியது

இதில் வருவது டேபிளில் உண்மையாகவே உள்ள ஒரு வரி. தலையும் உடம்பும் ஒன்றுக்கொன்று சொந்தம். அன்றைக்கு நாங்கள் திருத்தியது இப்படித்தான், ஏனென்றால் அடுத்து வரும் புது வழி 5.6இல் இருக்கவில்லை.

புது வழி விண்டோ ஃபங்ஷன். போஸ்ட்கிரெஸுக்கு இது 2009இல் வந்தது. மைஎஸ்கியூஎல் 8.0உம் எஸ்கியூலைட் 3.25உம் 2018இல்தான் கொண்டுவந்தன. குரூப் பை வரிகளை நசுக்கி ஒன்றாக்கும். விண்டோ நசுக்காது. ஒவ்வொரு வரியையும் அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு இலக்கம் ஒட்டும்:

வித் வரிசை ஆஸ் (
செலக்ட் அ.ஸ்டார், ரோ நம்பர் ஓவர் (பார்ட்டிஷன் பை ஆள் ஆர்டர் பை தொடக்கம் டெஸ்க்) ஆஸ் இடம்
ஃப்ரம் அளவுகள் அ)
செலக்ட் ஸ்டார் ஃப்ரம் வரிசை வேர் இடம் = 1

பார்ட்டிஷன் பை என்றால் ஆள் வாரியாகப் பிரி. ஆர்டர் பை என்றால் அந்தப் பிரிவுக்குள் புதியதை முன்னுக்கு நிறுத்து. ரோ நம்பர் 1, 2, 3 என்று சீட்டுக் கொடுக்கும். கடைசியில் 1ஆம் சீட்டு வைத்திருப்பவரை மட்டும் கூப்பிடு.

ஏன் இரண்டு படி, ஒரே படியில் 'வேர் இடம் = 1' என்று எழுதினால் என்ன? எல்லாரும் ஒரு தடவை கேட்கிற கேள்வி. வேர் முதலில் ஓடும், விண்டோ அதற்குப் பிறகுதான் ஓடும். சீட்டுக் கொடுக்க முதலே சீட்டைக் காட்டு என்று கேட்க முடியாது. அதனால்தான் வெளியே இன்னொரு செலக்ட். போஸ்ட்கிரெஸில் இதற்குக் குறுக்கு வழியாக டிஸ்டிங்க்ட் ஆன் என்று ஒன்றும் இருக்கிறது. அழகானது, ஆனால் வேறு டேட்டாபேஸுக்குப் போனால் கூட வராது.

அம்மம்மா கேட்டது

திருத்தம் போன அன்று இரவு வீட்டில் அம்மம்மாவின் மஞ்சள் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவவும் வார்ஃபரின்தான்.

"என்ன பிள்ளை, என்ர புத்தகத்தில என்ன தேடுறாய்?"

"கடைசியா என்ன எழுதியிருக்கெண்டு பாக்கிறன் அம்மம்மா."

"கடைசியா எழுதினதோ, இண்டைக்குப் போடுறதோ?"

நான் தலையை நிமிர்த்தினேன். "ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை. கடைசியா எழுதினது திங்கக்கிழமையில இருந்து. இண்டைக்கு வெள்ளி. இண்டைக்கு அதுக்கு மேல உள்ளதுதான்."

அம்மம்மாவுக்கு எஸ்.கியூ.எல் தெரியாது. நான் சரியாகத் திருத்திவிட்டேன் என்று நினைத்த கியூரியில் இருந்த அடுத்த பிழையை அவ ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டா.

எந்தக் கடைசி?

திரும்ப டேபிளுக்கு வருவோம். 16ஆம் திகதி ஒரு நேர்ஸ், 9ஆம் திகதி மாற்றிய அளவு ஒன்றைப் பதிய மறந்ததை நினைத்துப் பதிகிறார்:

எண் 4: ஆள் 17, 4 மில்லிகிராம், தொடக்கம் 9 மார்ச், பதிந்தது 16 மார்ச்

'பெரிய எண்தானே கடைசி வரி' என்று எண்ணை வைத்து எடுத்திருந்தால் 4 மில்லிகிராம் வந்திருக்கும். பிழை. அது கடைசியாகப் பதிந்தது, கடைசியாக நடந்தது இல்லை. தானாகக் கூடும் எண், வரி வந்து சேர்ந்த ஒழுங்கை மட்டும் ஓரளவுக்குக் காட்டும். 'ஓரளவுக்கு' என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: எண்ணை முதலில் வாங்கியவர் கமிட்டைப் பிறகு செய்யலாம். அதற்குள் அடுத்த எண்காரர் முடித்துவிட்டுப் போயிருப்பார்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம்: ஒரு வரியைப் போட்டுவிட்டு, அதன் எண் என்ன என்று அறிய உடனே 'மேக்ஸ் எண்' கேட்பது. நடுவில் வேறு ஒருவர் ஒரு வரி போட்டால் உங்களுக்கு வருவது அவருடைய எண். மைஎஸ்கியூஎல்லில் லாஸ்ட் இன்சர்ட் ஐடி, போஸ்ட்கிரெஸில் ரிட்டர்னிங், எஸ்.கியூ.எல் சர்வரில் ஸ்கோப் ஐடென்டிட்டி. இவை உங்கள் வரியின் எண்ணையே தரும்.

அடுத்தது 17ஆம் திகதி. கிளினிக் சொல்கிறது, 22இல் இருந்து 2 மில்லிகிராம்:

எண் 5: ஆள் 17, 2 மில்லிகிராம், தொடக்கம் 22 மார்ச், பதிந்தது 17 மார்ச்

இப்போது தொடக்கத்தை வைத்து எடுத்தாலும் பிழை. 18ஆம் திகதி திரை 2 காட்டும். அன்றைக்குக் கொடுக்க வேண்டியது 3. அம்மம்மா சொன்னது இதைத்தான். உள்ளே ஒரு வரி சேர்க்க வேண்டும்: வேர் தொடக்கம், இப்போதைய நேரத்துக்குச் சமம் அல்லது அதற்கு முன். 'கடைசி' வேறு, 'இப்போது நடப்பில் உள்ளது' வேறு.

மூன்றாவது, ரத்து. எண் 3 வேறு ஒருவருக்குப் பதிய வேண்டியது, பிழையாக 17க்குப் போட்டுவிட்டார்கள், அதை ரத்து என்று குறித்தார்கள் என்று வைப்போம். ரத்தானதை நீக்கும் நிபந்தனையை எங்கே எழுதுவது, உள்ளேயா வெளியேயா?

உள்ளே எழுதினால் கேள்வி: செல்லுபடியான வரிகளில் கடைசி எது? எண் 3 வரிசைக்கே வராது, எண் 4 வரும்.
வெளியே எழுதினால் கேள்வி: கடைசி வரி செல்லுபடியானதா? எண் 3 முதல் சீட்டை வாங்கும். பிறகு ரத்து என்று வெளியே தள்ளப்படும். ஆள் 17 பட்டியலிலேயே இருக்க மாட்டார்.

பிழையான அளவைக் காட்டினால் யாராவது கண்டுபிடிப்பார்கள். பட்டியலில் இல்லாத ஆளை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதுதான் இதில் பயங்கரம்.

சரி, அப்படியென்றால் எப்போதும் உள்ளே எழுதினால் சரியோ? இல்லை. டொக்டர் வார்ஃபரினை முழுதாக நிறுத்திவிட்டார், அதற்கு 'நிறுத்து' என்று ஒரு வரி பதிந்திருக்கிறது என்று எடுங்கோ. 'நிறுத்து' வரிகளை உள்ளேயே நீக்கினால், அதற்கு முந்திய அளவு எழும்பி வந்து முதல் சீட்டை வாங்கும். நிறுத்திய மருந்தைத் திரை திரும்பக் கொடுக்கச் சொல்லும்! ரத்து என்றால் அந்த வரி நடக்கவே இல்லை, அதை உள்ளே நீக்க வேண்டும். நிறுத்து என்றால் அது நடந்த ஒரு சம்பவம், அது வரிசையில் நிற்க வேண்டும், முதல் சீட்டையும் வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வெளியே என்ன செய்வது என்று பார்க்க வேண்டும்.

ஒரே நிபந்தனையை இரண்டு அடைப்புக்குறி தள்ளி எழுதியதில் வரும் வித்தியாசம் இது. இதை எந்த டேட்டாபேஸும் எரர் என்று சொல்லாது. இரண்டும் சரியான எஸ்.கியூ.எல்.

சமநிலை, வெற்று, மணிக்கூடு

இன்னும் மூன்று சின்னப் பொறிகள்.

இரண்டு வரிகளுக்கு ஒரே தொடக்க நேரம் இருந்தால்? மேக்ஸ் போட்டு ஜாயின் செய்யும் வழியில் இரண்டுமே வரும், பட்டியலில் ஒரு ஆள் இரண்டு முறை நிற்பார். ரோ நம்பரில் ஒன்றுதான் வரும், ஆனால் எது என்பது அதிர்ஷ்டம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மற்றது. அதனால் ஆர்டர் பையில் தொடக்கத்துக்குப் பிறகு 'பதிந்தது டெஸ்க், எண் டெஸ்க்' என்றும் சேருங்கோ. முடிவு எப்போதும் ஒன்றாக இருக்கும்.

ஆனால் சேர்க்க முதல் யோசியுங்கோ. ஒரே நேரத்தில் தொடங்கும் இரண்டு வேறு அளவுகள் என்றால் அது கியூரி தீர்க்க வேண்டிய பிரச்சினையா? எங்கள் திரை மாதிரி ஒன்றில் ரோ நம்பருக்குப் பதில் ராங்க் பாவித்தால் சமமான இரண்டுக்கும் 1 கிடைக்கும். இரண்டு வரி வந்தால் சிவப்பில் காட்டி, 'கிளினிக்கைக் கேளுங்கள்' என்று மனிதரிடம் விடலாம். சில இடத்தில் தெரியாது என்று சொல்வதுதான் சரியான விடை.

இரண்டாவது, நல். தொடக்கம் காலியாக இருந்தால் என்ன ஆகும்? போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் நல்லை எல்லாவற்றிலும் பெரிதாக வைக்கும். டெஸ்க் என்று அடுக்கினால் திகதியே இல்லாத வரி முதலாவதாக வந்து நிற்கும். மைஎஸ்கியூஎல்லும் எஸ்.கியூ.எல் சர்வரும் சிறிதாக வைக்கும், அது அடியில் போய்விடும். ஒரே கியூரி, இரண்டு விடை. போஸ்ட்கிரெஸில் 'நல்ஸ் லாஸ்ட்' என்று சேர்க்கலாம். அதைவிட நல்லது, அந்தக் காலம்னில் நல் வரவே விடாதேங்கோ.

திகதியை எழுத்தாகச் சேமிப்பதும் இதே ரகம். இங்கே நாங்கள் நாள், மாதம், வருஷம் என்று எழுதுவோம். எழுத்தாக ஒப்பிட்டால் 31/01/2023, 02/12/2024ஐ விடப் பெரிது, ஏனென்றால் முதல் எழுத்து 3. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பழைய வரி 'கடைசி' என்று வரும். திகதிக்குத் திகதி டைப்தான்.

மூன்றாவது மணிக்கூடு. பிரிட்டனில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு மணிக்கூட்டை 1 மணிக்குத் திருப்புவார்கள். 2024இல் அது ஒக்டோபர் 27. அந்த இரவில் 1:40 ஒரு குறிப்பு பதிகிறீர்கள். அரை மணித்தியாலம் கழித்து இன்னொன்று. அப்போது மணி என்ன? 1:10! சுவர் மணிக்கூட்டு நேரத்தைச் சேமித்தால் பிறகு எழுதியது முன்னுக்குப் போய்விடும். யு.டி.சி.யில் சேமித்தால் அவை 0:40, 1:10. ஒழுங்கு குலையாது. உள்ளூர் நேரம் காட்டுவதற்கு மட்டும், சேமிப்பதற்கு இல்லை. கனடா, ஒஸ்ரேலியாவில் இருக்கிறவர்களுக்கும் உங்கள் ஊர் மணிக்கூடு மாறுகிறது என்றால் இதே கதைதான். சிங்கப்பூர்க்காரர் மட்டும் சிரித்துக்கொண்டு வாசிக்கலாம்.

வேகம்

டேபிள் பெருத்தால் இந்தக் கியூரி மெதுவாகும். காரணம் சுகமாக விளங்கும்: ஒவ்வொரு ஆளின் எல்லா வரிகளையும் எடுத்து அடுக்கி, ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிகிறோம். இதற்கு ஆள், தொடக்கம் என்ற இரண்டையும் அதே ஒழுங்கில் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் போடுங்கோ. ஆள் வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் திகதி ஒழுங்கில் அடுக்கிய கொப்பிகள் மாதிரி அது. ஆள் 17இன் கட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் போதும். தொடக்கம் முதலும் ஆள் பிறகும் என்று மாற்றிப் போட்டால் இந்த வேலைக்கு அந்த இன்டெக்ஸ் பெரிதாக உதவாது.

ஆட்கள் கொஞ்சம், ஒவ்வொருவருக்கும் வரிகள் கனக்க என்றால் இன்னொரு வழி: ஆட்கள் டேபிளில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு ஆளுக்கும் 'ஆர்டர் பை தொடக்கம் டெஸ்க் லிமிட் 1' என்று ஒரு சின்னக் கியூரி ஓட்டச் சொல்வது. போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல் 8இலும் லேட்டரல், எஸ்.கியூ.எல் சர்வரில் அப்ளை. இன்டெக்ஸ் இருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு எட்டிப்பார்ப்புத்தான். ஒரு வரியும் இல்லாத ஆள் தொலையாமல் இருக்க லெஃப்ட் ஜாயினாக, எஸ்.கியூ.எல் சர்வரில் அவுட்டர் அப்ளையாக எழுதுங்கோ. அப்போது 'அளவு இல்லை' என்றாவது அவர் பட்டியலில் நிற்பார்.

எடுத்துக்கொண்டு போக

இப்போதெல்லாம் இந்தக் கியூரியைக் கேட்டால் ஏ.ஐ. ஒரு நொடியில் எழுதித் தரும். ரோ நம்பர், பார்ட்டிஷன் பை, எல்லாம் சுத்தமாக இருக்கும். நான் 2016இல் விட்ட குரூப் பை பிழையை அது பெரும்பாலும் விடாது. ஆனால் உங்கள் டேபிளில் ரத்து என்றால் என்ன, நிறுத்து என்றால் என்ன, யார் எதைப் பிந்திப் பதிகிறார்கள் என்று நீங்கள் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்? அதைப் போய்க் கேட்க வேண்டியது அந்தத் திரையைப் பாவிக்கிற ஆட்களிடம்.

அதனால் நான் இப்போது கீபோர்டைத் தொட முதல் ஒரு வசனத்தைத் தாளில் எழுதி நிரப்புவேன்: "இன்ன காலம்ன் படி, இன்ன நேரம் வரைக்கும், இன்ன வரிகளை விட்டுவிட்டு, கடைசி. சமமாக வந்தால் இன்னது." அதை நேர்ஸிடமோ கணக்காளரிடமோ வாசித்துக் காட்டுவேன். அவர்கள் முகத்தைச் சுளித்தால் கியூரி இன்னும் தயாரில்லை.

டெஸ்டுக்கு ஒரு ஆளுக்கு ஆறு வரி போடுங்கோ: சாதாரணமானது ஒன்று, பிந்திப் பதிந்தது ஒன்று, நாளைக்குத் தொடங்குவது ஒன்று, ரத்தானது ஒன்று, ஒரே நேரத்தில் இரண்டு. இன்னொரு ஆளுக்கு ஒரு அளவும் அதற்குப் பிறகு ஒரு 'நிறுத்து'ம். மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் வேண்டாம். இந்த மூன்று ஆட்களுக்கும் திரையில் என்ன வர வேண்டும் என்று முதலே எழுதி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கோ. அரை மணித்தியால வேலை.

அந்த நேர்ஸ் புத்தகத்தை நம்பாமல் என் திரையை நம்பியிருந்தால் என்று நான் இன்னும் சில இரவுகளில் யோசிப்பது உண்டு. நாங்கள் எழுதும் திரையை ஆட்கள் நம்பத்தான் போகிறார்கள். நம்புவதற்காகத்தானே கேட்டு வாங்குகிறார்கள்.

வேலை செய்யும் இடத்தில் 'லேட்டஸ்ட்' என்று பெயர் வைத்த கியூரி ஒன்று கட்டாயம் இருக்கும். இந்தக் கிழமை அதைத் திறந்து, எந்தக் கடைசி என்று கேட்டுப் பாருங்கோ. என்ன கண்டுபிடித்தீர்கள் என்று இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த எபிசோட்டில் அதைக் கதைப்போம்.